தேதி விழாத பாட்டில்கள்

என்ன எண்ணெய் போடுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் இன்னும் ஆகவில்லை, எல்லாம் கேளுங்கள், சொல்கிறேன். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

கோபமெல்லாம் இல்லை. தோளில் கிடந்த முடியை எடுத்துப் போட்டீர்கள், நன்றி. ஆனால் அது விழுந்துகொண்டேதான் இருக்கும். முதுகுளத்தூர் வரைக்கும் நீங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாலும் தீராது. நான் செவ்வூருணி விலக்கில் இறங்கிவிடுவேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிறவள் இல்லை. கண்டக்டரிடம் ஊர் பெயரைச் சொல்வதற்குக்கூட மனதுக்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கு என்னவோ, நீங்கள் கேட்டதும் எரிச்சல் வந்துவிட்டது. ஒன்றேகால் வருஷமாக எல்லோரும் என் தலையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைவு.

என் பெயர் முப்புடாதி. தென்காசிப் பக்கம் இந்தப் பெயரில் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. பரமக்குடியில் நான் ஒருத்திதான். அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் உதவி நூலகராக இருக்கிறேன். போன வருஷம் ஜூன் மாதம் வந்து சேர்ந்தபோது பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். இப்போது பாருங்கள். பார்த்துவிட்டீர்கள், சரி.

தப்பு என் பேரில்தான். யாராவது ஒன்றை நீட்டினால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. வாய் வரைக்கும் வரும், பிறகு "சரிங்க" என்று வெளியே விழும். முடி கொட்டுகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் நீட்டினார்கள். அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் கொடுத்துவிட்டாள். விடுதியில் என் அறைத்தோழி கதீஜா அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவைத்துத் தந்தாள். அது ஒருநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து என் புடவை மேலெல்லாம் வழிந்தது. பிறகு வெங்காய எண்ணெய். வெந்தயப் பொடி, செம்பருத்திப் பொடி, சீயக்காய், பூந்திக்கொட்டை, கற்றாழைக் களி, வேப்பிலை ஷாம்பு, ஷாம்புவையே சோப்புக் கட்டிபோல் ஆக்கி விற்கிற ஏதோ ஒன்று. எல்லாவற்றிலும் இலை படம் போட்டிருக்கும். எல்லாம் இயற்கை. இயற்கை என்பதால் கெடுதல் இல்லை என்பார்கள். கெடுதல் இல்லைதான், அலமாரியில் இடமும் இல்லை.

மொத்தம் இருபத்துமூன்று. எண்ணினேன். ஒரு தலைக்கு இருபத்துமூன்று.

அதில் பன்னிரண்டு சந்தனமாரி அக்காவுடையது.

சந்தனமாரி அக்கா எங்கள் நூலகத்தில் உதவியாளர். புத்தகங்களை அலமாரியில் அடுக்குவது, கிழிந்ததை ஒட்டுவது, புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டுவது, எல்லாம் அவர்தான். பத்தொன்பது வருஷமாக ஒட்டுகிறார். அந்தச் சீட்டில்தான் புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதியைக் குத்துவோம். தேதி நிறைய இருந்தால் நிறையப் பேர் படித்த புத்தகம். ஒரு தேதியும் இல்லாத புத்தகம் கையில் கிடைத்தால் அக்கா அதைத் துடைத்துவிட்டு, "பாவம், ஒருத்தரும் தொடல" என்பார். புத்தகத்தைப் போய்ப் பாவம் என்பார். அப்படி ஒரு ஆள்.

நான் சேர்ந்த ஐந்தாவது நாள். வரலாற்று அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஒன்றும் பெரிய காரணம் இல்லை. நான்கு நாளாக யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அக்கா வந்தார். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"உக்காரு புள்ள" என்று மேல் தட்டில் புத்தகம் எடுக்க வைத்திருக்கும் முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். "தலைய இப்படியா போட்டுட்டு வருவாக? காக்கா கூடு கட்டிரும்."

பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அவரே காய்ச்சிய எண்ணெய். உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தார். என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். கேட்காமலே தேய்த்து, கேட்காமலே பின்னினார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு இறுக்கி. ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

"பேரு என்ன?"

"முப்புடாதி."

"முப்பு. நல்லாருக்கு. இந்த பாட்டில வச்சுக்க."

நான் பணம் கொடுத்தேன். அக்கா வேண்டாம் என்றார். சும்மா வாங்கினால் நன்றாக இருக்காது என்று நான்தான் கையில் திணித்தேன். அதை அக்கா எப்படி எடுத்துக்கொண்டாரோ, அடுத்த மாதம் முதல் திங்கள்கிழமை என் மேசையில் இன்னொரு பாட்டில் இருந்தது. "ஒனக்குன்னு தனியா காய்ச்சுனது தாயி, கருஞ்சீரகம் கூடப் போட்டிருக்கேன்" என்றார். நான் "சரிங்கக்கா" என்றேன். அதற்கும் கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று. இப்படியே மாதாமாதம். விடாமல். நீங்களே சொல்லுங்கள், இது ஒரு ஆளை மூச்சுமுட்ட வைப்பது இல்லையா?

நான் போட்டுப் பார்க்காமல் இல்லை. முதல் நாள் அக்கா போட்டுவிட்டதோடு சரி. அந்த வாசனை இருக்கிறதே, கருகின வேர் மாதிரி, வெந்தயம் மாதிரி, மழை பெய்த பிறகு விறகுக்கட்டில் அடிக்குமே, அந்த மாதிரி. தலையணையில் ஒட்டிக்கொண்டது. கதீஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏடி, நம்ம ரூமுல வைத்தியசாலை வச்சிருக்கியா?" என்றாள். அதோடு பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில் வைக்க ஆரம்பித்தேன்.

ஆனால் பின்னல் நிற்கவில்லை. தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அக்கா முக்காலியை இழுப்பார். நான் போய் உட்காருவேன். வேண்டாம் என்று சொல்ல வராதே எனக்கு. பின்னிக்கொண்டே அவர் பாட்டுக்குப் பேசுவார். மகள் கோமதி கல்யாணமாகிப் போனது, மருமகன் இட்லிக்கு மிளகாய்ப் பொடி இல்லாமல் கை நனைக்கமாட்டார் என்பது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருநாள் சொன்னார், "எண்ணெய் மட்டும் என்ன செய்யும் தாயி, ஒங்க விடுதித் தண்ணி சரியில்ல. வெள்ளிக்கிழம எங்க வீட்டுக்கு வா. ஊருணித் தண்ணியில தலைக்கு ஊத்திவிடுறேன்."

பார்த்தீர்களா? பன்னிரண்டு பாட்டில் எண்ணெய் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், குழாய் வாயில் உப்புப் பூத்திருக்கும், சோப்பு நுரைக்காது, எல்லாம் உண்மைதான். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏது நேரம்? நான் எண்ணெய் ஆராய்ச்சியில் இருந்தேன். அதோடு, ஒருத்தர் வீட்டுக்குப் போய்க் குளிப்பதாவது? நான் போகவில்லை. நாலைந்து தடவை கூப்பிட்டார். அடுத்த வாரம் என்றேன், அடுத்த வாரம் என்றேன்.

பிப்ரவரியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இப்படியே போனால் நான் தூங்க இடமிருக்காது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். ஆனால் எப்படிப் பிரிப்பது? கதீஜா, "கண்ண மூடிக்கிட்டுத் தூக்கிப் போடு" என்றாள். அப்படிச் செய்ய முடியுமா? நான் நூலகவியல் படித்தவள். எனக்கு ஒரு முறை தெரியும்.

நூலகத்தில் எல்லாப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ள மாட்டோம். தேதிச் சீட்டைப் பார்ப்போம். பல வருஷமாக யாரும் எடுக்காத புத்தகத்தின் மேல் "நீக்கப்பட்டது" என்று முத்திரை குத்துவோம். அப்புறம் வாசலில் ஒரு மேசையில் அடுக்கி, "வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்" என்று எழுதி வைப்போம். இதில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. புத்தகம் எழுதினவர் வந்து பார்க்கப்போவதில்லை.

அதையே செய்தேன். அன்றைக்கு இருந்தவற்றுக்கும், பிறகு வந்து சேர்ந்தவற்றுக்கும் தேதிச் சீட்டு ஒட்டினேன். எதைப் பயன்படுத்தினாலும் அன்றைய தேதி. மூன்று மாதத்தில் மூன்று தேதியாவது விழாவிட்டால் நீக்கம். இவ்வளவு நேர்மையாக யார் செய்வார்கள்? ஏப்ரல் கடைசியில் பார்த்தேன். அம்மாவின் எண்ணெய், சும்மா தேங்காய் எண்ணெய், சீயக்காய், இந்த மூன்றும் தேறின. மற்றதெல்லாம் தேறவில்லை. அக்காவின் பாட்டில்களில் ஒரு தேதியும் இல்லை. இல்லாத தேதியை நான் எப்படிக் குத்துவேன்?

மே மாதம், மாணவிகளுக்கு விடுமுறை. ஒரு காலையில் எட்டு மணிக்கே போய், அலுவலகப் பெண்களின் ஓய்வறையில் கண்ணாடிக்குக் கீழே உள்ள மேசையில் எல்லாவற்றையும் அடுக்கினேன். உயர வரிசைப்படி. ஒவ்வொன்றிலும் ஊதா மையில் முத்திரை. பக்கத்தில் சீட்டு: வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். நான் வைத்தது என்று யாருக்கும் தெரியாமல் என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனது அவ்வளவு லேசாக இருந்தது. ஒருத்தரிடமும் வேண்டாம் என்று சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

அக்கா அன்றைக்கு ஒன்பதரைக்குத்தான் வரவேண்டும். எட்டரைக்கே வந்துவிட்டார். மே மாதத்தில் புத்தக இருப்புச் சரிபார்ப்பு நடக்கும், தூசி தட்ட வேண்டும் என்று. முகம் கழுவ ஓய்வறைக்குப் போனவர் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். புத்தகம் பார்ப்பது போலவே. பதினொன்றையும் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை.

"இதெல்லாம் என்ன முப்பு?"

"நீக்கம்க்கா" என்றேன்.

"ஒரு தேதிகூட விழலையே."

"முறைப்படி, மூன்று தேதி இருந்தால்தான்..."

"நல்லாயில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல. நான் என்ன கடை வச்சா நடத்துறேன், ஏவாரம் போச்சேன்னு கோவிச்சுக்கிற?"

அக்கா தன் ஒயர் கூடையில் பாட்டில்களை ஒவ்வொன்றாக வைத்தார். வைப்பதற்கு முன்னால் முந்தானையால் முத்திரையைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். "அது போகாதுக்கா, அழியாத மை" என்றேன். உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் மேடம். "மேடம், அலமாரிச் சாவி." "மேடம், சார் கூப்பிடுறாரு." எங்கள் நூலகரை எல்லோரும் சார் என்கிறார்கள், அவருக்கு உறுத்தாது. எனக்கு உறுத்துகிறது. வேண்டுமென்றே சொல்கிறார். முக்காலி மேல் தட்டுப் புத்தகம் எடுக்க மட்டும்தான் இப்போது. மத்தியானம் அக்கா வேப்பமரத்தடியில் போய்ச் சாப்பிடுகிறார், துப்புரவு வேலை செய்கிற பெண்களோடு. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் முடியைச் சுருட்டி ஒரு கிளிப் போட்டுக்கொள்கிறேன்.

நான் என்ன தப்பு செய்தேன்? நீங்கள் சொல்லுங்கள். என் தலை, என் முடி. நான் ஆளை நீக்கினேனா? பாட்டிலைத்தான் நீக்கினேன். மூன்று மாதமாக ஒரு மனுஷி இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா? பேசவேண்டியதுதானே அவர்? நானா? நான் எப்படிப் பேசுவது? நான்தான் பேசுகிறவளே இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

முடி கொட்டுவது நின்றதா என்றா கேட்கிறீர்கள்? இருபத்துமூன்று இருந்தபோதும் கொட்டியது. மூன்று இருக்கும்போதும் கொட்டுகிறது. அதே கைப்பிடி. தினமும் குளித்துவிட்டுத் தண்ணீர் போகிற சல்லடையிலிருந்து சுருட்டி எடுக்கிறேன். ஒன்றாவது கேட்டதா? ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது எங்கே போகிறேன் என்றால், அக்கா வீட்டுக்குத்தான். கோமதிக்கு இன்று வளைகாப்பு. அழைப்பா? எல்லோருக்கும் அக்கா சந்தனம் குங்குமம் கொடுத்துக் கையில் பத்திரிகை வைத்து அழைத்தார். சாருக்கு, கேண்டீன்காரருக்கு, வாட்ச்மேனுக்குக்கூட. எனக்கு மட்டும் கையில் தரவில்லை. நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், தேதிச் சீட்டோடு சேர்த்துச் செருகிவிட்டுப் போய்விட்டார். உறையின் மேல் பெயர்கூட இல்லை. "மேடம்." அவ்வளவுதான். கதீஜா, "இப்படிக் கூப்பிட்டா நான் செத்தாலும் போகமாட்டேன்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே பார்த்தால் பத்திரிகையில் தேதிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு. திருப்பித் தரவேண்டிய நாளை மாணவிகள் மறந்துவிடக்கூடாது என்று அக்கா அப்படித்தான் கோடு போடுவார். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போட்டிருக்கும். அதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

வெறுங்கையோடு போகமுடியுமா? இதோ, மடியில் இருக்கிறதே, இந்தப் பெட்டி. நல்ல பெட்டி. இரண்டு வாரம் யோசித்து வாங்கினேன். மூன்று பாட்டில், ஒரு மரச் சீப்பு. பிள்ளை பெற்றபிறகு முடி கொட்டுமாமே, கோமதிக்கு ஆகும். பதினெட்டு மூலிகை. பின்னால் எல்லாவற்றின் பெயரும் போட்டிருக்கிறது பாருங்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

என்ன? கொல்லத் தெருவில் ஊசி விற்கிற மாதிரியா?

...

இரண்டு வாரம். இரண்டு வாரம் யோசித்தேன். இது மட்டும் தோன்றவில்லை எனக்கு.

இதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேற முடியாது. பிரித்தால் அக்கா பார்ப்பார். "நல்லாருக்கு மேடம்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் நிற்கவேண்டும்.

நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, பிடியுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆகும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காசெல்லாம் எதற்கு, பையில் வையுங்கள் முதலில். உங்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல வராது போலிருக்கிறதே. நல்லதாகப் போயிற்று.

விலக்கு வர இன்னும் எவ்வளவு நேரம்? கால் மணி நேரமா?

அப்போ ஒன்று கேட்கிறேன். நீங்கள் எண்ணிக்கையில் கெட்டி என்றால் கவனித்திருப்பீர்கள். அக்காவின் பாட்டில் பன்னிரண்டு என்றேன், மேசையில் பதினொன்று என்றேன். ஒன்றை வைக்கவில்லை. இது அந்த முதல் பாட்டில். அலமாரிக்குப் பின்னால் அன்றைக்குப் போட்டுவிட்டது. சீட்டில் பாருங்கள், ஜூன் மாதம் என்று ஒரு தேதி, நான்தான் பிறகு நினைவு வைத்துக் குத்தினேன். ஆமாம், விதிப்படி மூன்று தேதி வேண்டும். தெரியும். ஆனால் எந்த நூலகத்திலும் குறிப்புதவி நூல் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குத் தேதிக் கணக்குப் பார்ப்பதில்லை. வெளியே கொடுக்கவும் மாட்டோம். இது அந்த வகை. கைப்பையிலேயே இருக்கும்.

மூடியைத் திறக்கிறேன். வாசனை அடிக்கும், ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

உங்களுக்குப் பின்னத் தெரியும்தானே? இந்தக் கிளிப்பைப் பிடியுங்கள். முதலில் உச்சியில் வைத்து நன்றாகத் தேய்த்துவிடுங்கள், நிறையவே ஊற்றுங்கள், நான் வாசலில் நிற்கும்போதே அடுப்படி வரைக்கும் அடிக்க வேண்டும். கொட்டுகிற முடியைப் பார்க்காதீர்கள், அது கொட்டத்தான் செய்யும்.

இன்னும் இறுக்கி. வலிக்கவில்லை, இன்னும் இறுக்குங்கள். அக்கா இறுக்கித்தான் பின்னுவார்.